நடுப்பட்டையில் உரியும் கறுப்பு

அக்டோபர் 26, வியாழன்

இருபத்திரண்டு வருடமாகப் பெயிண்ட் அடிக்கிறேன். நான் அடித்த கறுப்பை ஒருவர் என் கண்முன்னாலேயே நகத்தால் உரித்துக் காட்டியது இன்றைக்குத்தான்.

பஸ் பாடி கட்டும் கம்பெனியிலிருந்து ஜோதிலிங்கம் என்று ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். சரக்கின் தரம் பார்ப்பது அவர் வேலை. பிறந்ததிலிருந்தே எதையாவது வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தவர் போல ஒரு முகம். பஸ்ஸின் முன்பக்கம் மாட்டும் கிரில் பதினான்கைக் கொண்டுவந்து மேசைமேல் அடுக்கினார். ஜூலையில் நாங்கள் அடித்துக் கொடுத்தவை. பிளாஸ்டிக்மேல் குரோம் முலாம் போட்டுக் கண்ணாடி மாதிரி வரும். அதை மங்கலான கறுப்பாக்கித் தரவேண்டும். இப்போதெல்லாம் பஸ் முதலாளிகளுக்குப் பளபளப்பு பிடிப்பதில்லை. பதினான்கிலும், குறுக்கே ஓடும் நடுப்பட்டையில் மட்டும் கறுப்பு உரிந்து குரோம் இளித்துக்கொண்டிருந்தது.

"நாலு மாசங்கூடத் தாங்கலைங்க. டிசம்பர் ஒண்ணாந்தேதி வருவேன். முப்பது கிரில் ரெடியா இருக்கோணும். கொதிக்கிற தண்ணியில முக்கி, பிளேடுல கட்டம் கீறி, டேப்பு ஒட்டிப் பிடுங்கிப் பாப்பேன். ஒண்ணு உரிஞ்சாலும் வேலை வேற பக்கம் போயிரும்" என்றார். டீ வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார். டீயையும் வேண்டாமென்றுதான் சொல்வார்.

கனகராஜ் எங்கள் ஒன்பது பேரையும் கூப்பிட்டு நிறுத்தினான். "தப்பு எங்கியோ ஒரு கையில இருக்குது. எந்தக் கைன்னு தெரிஞ்சா அந்தக் கையை மாத்தோணும். வேற வழி இல்லீங்க." அவன் முதலாளி. நான் அவன் அப்பா காலத்து ஆள். அதனால் இந்த டைரியில் 'அவன்' என்றுதான் வரும்.

என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் காற்றின் ஈரம், கம்ப்ரஸர் அழுத்தம், எத்தனை கோட் பெயிண்ட் எல்லாம் எழுதச் சொன்னான். எண்களை அதில் எழுதிவிட்டேன். வயிற்றெரிச்சலை எழுத அதில் கட்டம் போடவில்லை. அதற்குத்தான் இது.

அக்டோபர் 27, வெள்ளி

குரோம்மேல் பெயிண்ட் சும்மா நிற்காது. அத்தனை வழவழப்பு. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர்விட்டு உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். பளபளப்பு செத்து, சாம்பல் பூசினாற்போல் ஆகும்வரை தேய்க்கவேண்டும். அந்த நுண்ணிய கீறல்களைப் பிடித்துக்கொண்டுதான் பிரைமர் என்ற அடிப்பூச்சு நிற்கும். பிரைமரைப் பிடித்துக்கொண்டு கறுப்பு நிற்கும்.

தேய்ப்பது தங்கமணி. மில் வேலையை விட்டு இங்கே வந்து ஐந்து வருடமாகிறது. தேய்த்து, கழுவி, காயவைத்து, கடைசியாகத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து என்னிடம் தருவாள். நான் வலது கட்டைவிரலை நடுப்பட்டையில் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுப்பேன். சொரசொரப்பு போதுமா போதாதா என்று விரல் சொல்லும். போதுமென்றால் கொக்கியில் மாட்டி அடிப்பேன். எங்கள் பட்டறையில் இது சட்டம். "மயிலண்ணன் விரல் வெச்சாச்சா?" என்று கேட்காமல் யாரும் எதையும் பெயிண்ட் அடிக்கும் பூத்துக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கனகராஜ் கையுறை ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறான். கையுறை போட்டுக்கொண்டு சோறு பிசைய முடியுமா?

"ஜூலைல இதெல்லாம் நீங்க விரல் வெச்சுப் பாத்ததுதானுங்களே?" என்று கேட்டான்.

"பாத்தேன் தம்பி. அப்பவே தேய்ப்பு பத்தலைன்னு தோணுச்சு. அவசரம்னு விட்டுட்டேன்."

எல்லாரும் தங்கமணியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். ஜூலையில் அப்படித் தோன்றியதா என்று இப்போது யோசித்தால் சரியாக நினைவில்லை. தோன்றியிருக்கும்.

அக்டோபர் 30, திங்கள்

மழை. பதினாறு கிரில் தேய்த்துக் கொண்டுவந்தாள். விரல் வைத்தேன். ஆறு போதாதென்று மூலையில் போட்டேன்.

"எந்த எடம் பத்தலைன்னு காட்டுங்கண்ணா. அங்க மட்டும் தேச்சுக் குடுத்தர்றேன்."

"எல்லா எடமுந்தான் அம்மிணி."

அவள் ஒதுக்கியதில் ஒன்றையும் ஒதுக்காததில் ஒன்றையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டந்தான் இருக்குது. சரி, ஒண்ணு கேக்கறேன். நடுப்பட்டை தட்டை. தேய்க்கறதுக்கு அதுதான் சுலபம். மூலை முடுக்குலதான் தாளு போகாது. அங்கெல்லாம் உரியாம நடுவுல மட்டும் ஏனுங்ணா உரியுது?"

"பஸ்ஸு போகையில காத்து நடுவுலதானே மோதும்" என்றேன்.

நல்ல பதில்தான். ஆனால் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்தியபிறகும் அவள் கேள்வி கூடவே நின்றது. பத்தையும் அடித்து முடித்தேன். இரண்டில் லேசாக வழிந்தது. ஸ்ப்ரே கன்னின் மூக்கைச் சுத்தம் செய்யவேண்டும்.

நவம்பர் 1, புதன்

இப்போது வரும் சட்டைகளுக்குப் பித்தானைச் சுண்டைக்காய் அளவுக்கு வைக்கிறார்கள். மனைவி சரோஜினி வந்து போட்டுவிட்டாள்.

"ஏனுங்க, கை எப்படி இருக்குது?"

"கைக்கு என்ன? உளைச்சல். மழைக்காலம்."

மணிக்கட்டு உளைச்சலுக்கு ஒரு தைலம் வைத்திருக்கிறேன். காலையில் ஒருமுறை. பிறகு பதினோரு மணி டீக்கு அப்புறம் கம்ப்ரஸர் ரூம் பின்னால் போய் இன்னொருமுறை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை நன்றாகத் தேய்த்தால் கொஞ்சம் சூடு ஏறும். தோல் குடித்துவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் முன்னால் தேய்த்தால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். அதற்குத்தான் பின்னால் போவது.

நவம்பர் 4, சனி

திங்கட்கிழமை அடித்த பத்தையும் சோதித்தோம். கனகராஜ் பிளேடால் கட்டம் கீறி, டேப்பை ஒட்டி, வெடுக்கென்று பிடுங்கினான். ஓரங்களில் ஒரு பொட்டு வரவில்லை. நடுப்பட்டையில் பத்திலும் டேப்போடு கறுப்பு வந்தது.

கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் இருக்கும் என்றேன். மழைக்காலத்தில் அது சகஜம். புது வடிகட்டி மாட்டினோம். பிரைமரையும் மாற்றச் சொன்னேன். மாற்றினான். தின்னரை மாற்றச் சொன்னேன். "அப்படியே பட்டறையையும் மாத்திரலாமுங்களா?" என்றான். அவன் அப்பா இப்படியெல்லாம் பேசமாட்டார்.

நவம்பர் 7, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். தலை எண்ணெய்!

எண்ணெய்ப் பசை ஒரு பொட்டு பட்டாலும் பெயிண்ட் பிடிக்காது. பெயிண்ட் அடிக்கிற எவனுக்கும் இது பாலபாடம். தங்கமணி தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு வருகிறாள். குனிந்து தேய்க்கும்போது முடியை ஒதுக்குகிறாள், அதே கையால் பட்டையைத் தொடுகிறாள். கனகராஜிடம் சொன்னேன். உடனே எல்லாப் பெண்களும் தலையில் துணி கட்டவேண்டுமென்று சொல்லிவிட்டான். தங்கமணி கட்டிக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து கிரில்லை நீட்டும்போது மூக்கை லேசாகச் சுருக்கினாள். கோபம் இருக்கத்தானே செய்யும்.

இன்றைக்கு இருபத்திரண்டு தேய்த்துத் தந்தாள். பன்னிரண்டு போதாது. மூலையில் போட்டேன். பத்து அடித்தேன்.

நவம்பர் 9, வியாழன்

லீவு. பொள்ளாச்சியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். மூன்று பஸ் மாறிப் போனேன். அங்கே நல்ல கூட்டம். டோக்கன் நாற்பத்தொன்று வருவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் மழை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெறுமனே நனைந்துகொண்டு வந்தேன்.

நவம்பர் 10, வெள்ளி

நேற்று நான் இல்லாத நேரத்தில் கனகராஜ் தானே கன்னை எடுத்து எட்டுக் கிரில் அடித்திருக்கிறான். தங்கமணி தேய்த்துத் துடைத்ததைக் கையுறையோடு வாங்கி அப்படியே மாட்டியிருக்கிறான். விரல் வைக்க ஆளில்லை அல்லவா. ஐந்தில் ஓரம் வழிந்திருக்கிறது. ஒன்றில் கொசு ஒட்டியிருக்கிறது. சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். "இதையெல்லாம் குடுக்க முடியாதுங்ணா, சும்மா அடிச்சுப் பாத்தேன்" என்று பரண்மேல் தூக்கிப் போட்டான்.

நாலு மணிக்குப் பேக்கரியில் டீ. எங்கள் தெருவில் இருக்கும் மற்ற மூன்று பட்டறை பெயிண்டர்களும் அந்த நேரத்துக்கு அங்கேதான் இருப்பார்கள். கிரில் உரிந்த சேதி அவர்களுக்கும் போயிருக்கிறது. "என்னங்ணா, உங்க விரலுக்கே தப்பிச்சுதா?" என்று கேட்டார்கள். "விரல் என்ன பண்ணும், தேய்க்கற கை சரியில்லைன்னா? நம்ம தங்கமணிக்கு இப்பெல்லாம் வேலையில கவனமே இல்ல" என்றேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கட்டைவிரலில் ஒரு பெரிய கொப்புளம். காலையில் வடைச் சட்டியை நகர்த்தினேன், அப்போது பட்டிருக்கும். சரோஜினி பார்த்துச் சொல்லித்தான் தெரியும். பண்டிகைக் கூச்சலில் எதைத்தான் கவனிக்க முடிகிறது.

நவம்பர் 15, புதன்

ஏழாம் தேதி அடித்த பத்தும் அவுட். நடுப்பட்டைதான், வேறெங்கும் இல்லை. புது வடிகட்டி, புதுப் பிரைமர், தலையில் துணி, எதுவும் உதவவில்லை. நேற்று அவள் தேய்த்துத் தந்த பதினெட்டையும் போதாதென்று மூலையில் போட்டிருந்தேன்.

கனகராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "இன்னும் பதினாறு நாளு. மயிலண்ணா, உங்களுக்கு என்னதான் தோணுது? ஒளிக்காம சொல்லுங்க."

எல்லாரும் நின்றிருந்தார்கள். "தேய்ப்புத்தான் தம்பி. இத்தனை நாள்ல பாதிக்குமேல மூலையில ஒதுக்கியிருக்கறேன். அந்தக் கைய வெச்சுக்கிட்டு முப்பது தேத்த முடியாது" என்றேன்.

தங்கமணி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்தாள். கனகராஜ் அவளைப் பார்க்காமலே, "கொஞ்ச நாள் வீட்ல இருங்க அக்கா, கூப்பிடறேன்" என்றான். அவள் அவனைத் தாண்டி என்னிடம் வந்தாள். "அஞ்சு வருசமா உங்க விரலுக்குத்தானுங்ணா நான் தேச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சோற்றுவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு ஒன்றும் அவள்மேல் பகை இல்லை. எனக்கென்ன ஆசையா? ஒரு கையை மாற்றவேண்டும் என்றால் ஒரு கையை மாற்றித்தான் ஆகவேண்டும்.

நவம்பர் 16, வியாழன்

நானே தேய்த்தேன். பத்துக் கிரில். தாள் அடிக்கடி கையைவிட்டு நழுவி வாளியில் விழுந்தது, சோப்பு வழுக்கல். மத்தியானத்துக்குள் கை உளைச்சல் தாங்கவில்லை. தைலத்தை மூன்றுமுறை தேய்த்துக்கொண்டேன். தின்னரால் துடைத்து, விரல் வைத்துப் பார்த்து, நானே அடித்தேன். ஆதி முதல் அந்தம்வரை என் கை. இனி உரியட்டும் பார்க்கலாம்.

நவம்பர் 19, ஞாயிறு

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றுமுறை பேக்கரிக்குப் போனேன். சரோஜினியின் சைக்கிளுக்குச் செயின் மாட்டினேன். மாட்டிய செயினைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பட்டறைல என்னுங்க நடக்குது?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 21, செவ்வாய்

பத்தும் உரிந்தது. நடுப்பட்டை மட்டுமில்லை. ஓரம், மூலை, நான் பிடித்துத் தேய்த்த இடமெல்லாம் தோசைபோல் எழும்பி வந்தது.

கனகராஜ் கோபப்படவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேல் போட்ட அந்த எட்டுக் கிரில்லை எடுத்தான். கீறினான். டேப்பை ஒட்டினான். பிடுங்கினான். எட்டிலும் ஒன்றும் வரவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து ஒன்றை முக்கி எடுத்து மறுபடி பிடுங்கினான். டேப் சுத்தமாக வந்தது. கொசுகூட வரவில்லை.

"அன்னிக்குக் காத்து நல்லாக் காஞ்சிருந்திருக்கும்" என்றேன்.

நோட்டைப் புரட்டி என் முன்னால் வைத்தான். நவம்பர் ஒன்பது, நாள் முழுக்க மழை, காற்றின் ஈரம் எண்பத்தாறு. அவன் கையெழுத்து. நானும் அன்று நனைந்துகொண்டுதான் வந்தேன்.

நவம்பர் 22, புதன்

எல்லாரும் சாப்பிடப் போனபோது, ஏழாம் தேதி அடித்ததில் ஒரு கிரில்லை எடுத்து ஜன்னல் அருகே வைத்துப் பார்த்தேன். நடுப்பட்டை இரண்டு அங்குல அகலம். உரிந்தது அத்தனையும் இல்லை. நடுவே ஒரு கோடு மட்டும், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை. கோடு தொடங்கும் இடம் உருண்டையாக இருந்தது.

கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன். சரியாகப் பொருந்தியது.

கிரில்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். கையை மோந்து பார்த்தேன். தைல வாசம். எண்ணெய் ஒரு பொட்டு பட்டாலும் பிடிக்காது, பாலபாடம் என்று எழுதியவன் நான்தான்.

நவம்பர் 23, வியாழன்

சொல்லவில்லை. நாளைக்கு.

நவம்பர் 24, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலையில் எல்லாரும் வந்ததும், நாளைக்குத் தள்ள இடம் வைக்காமல் சொன்னேன். மணிக்கட்டு வலிக்குத் தைலம் போடுகிறேன், அந்தக் கையோடு விரல் வைத்திருக்கிறேன், தப்பு என் கையில்தான், தங்கமணி கையில் இல்லை என்றேன்.

கனகராஜ்தான் பேசினான். "வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்னங்ணா சொல்லப்போறேன்? டிசம்பர் ஆனதும் நல்ல டாக்டராப் பாக்கலாம்." அவன் குரலில் இருந்த பரிவு எனக்கு அடி விழுந்தது போல இருந்தது. வலி என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வலி மரியாதையான விஷயம்.

முப்பது கிரில் வேண்டும், புதிதாகத் தேய்க்க நாளில்லை. தங்கமணி தேய்த்து, நான் போதாதென்று மூலையில் போட்டது முப்பத்தாறு கிடந்தது. "இதையே சோப்புல கழுவித் தின்னர்ல தொடச்சு அடிச்சுப் பாத்துரலாமுங்க" என்றான் கனகராஜ். மறுபடி தேய்க்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு அவனே அடித்தான். நான் கைகளைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று, கன்னை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 25, சனி

தங்கமணி வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா" என்றாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியுமுங்ணா. தைல வாசம் எனக்கு எப்பவோ வந்துருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல அம்மிணி?"

"என்னன்னுங்ணா சொல்றது? தலையில எண்ணெய்னு எனக்குத் துணி கட்டி விட்டீங்க. உங்க கையில எண்ணெய்னு நான் சொன்னா அங்க யாரு காதுல ஏறும்? பழி வாங்கறான்னுதான் சொல்லுவாங்க."

கனகராஜ் திங்கட்கிழமை வரச்சொன்னதைச் சொன்னேன்.

"தம்பி வான்னா வந்து போன்னா போறதுக்கா? நான் சும்மா இருக்கலைங்ணா. நம்ம தெருவுல மூணு பட்டறையிலும் போய்க் கேட்டேன். 'மயிலண்ணனே கை சரியில்லைன்னு சொல்லிட்டாராமே'ன்னு மூணு பேருஞ் சொல்றாங்க. நான் அஞ்சு வருசம் தேச்சது போயிருச்சு, நீங்க பேக்கரியில சொன்ன ஒரு பேச்சு நிக்குது." கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். "பட்டறைக்குள்ள சொன்னது செரி. அங்க சொன்னதை அங்க போய்த்தானுங்ணா எடுக்கோணும்."

செரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்தபிறகுதான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பேசியது தெரிந்தது.

நவம்பர் 27, திங்கள்

பேக்கரிக்குப் போனேன். எல்லாரும் இருந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினோம். வந்துவிட்டேன்.

நவம்பர் 29, புதன்

போனேன். டீ குடித்தேன். வந்துவிட்டேன். பட்டறைக்குள் சொன்னபோது எல்லாரும் பரிதாபப்பட்டார்கள், அது சுலபமாக இருந்தது. இங்கே இருப்பவர்களெல்லாம் என்னைப்போலக் கன் பிடிக்கிறவர்கள். ஒரு கேள்வி கேட்பார்கள். கனகராஜுக்குத் தோன்றாத கேள்வி இவர்களுக்குத் தோன்றும்.

டிசம்பர் 1, வெள்ளி

ஜோதிலிங்கம் பத்து மணிக்கு வந்தார். முப்பதையும் முக்கினார், கீறினார், பிடுங்கினார். ஒவ்வொரு டேப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. அத்தனையும் தங்கமணி தேய்த்தது, அத்தனையும் போதாதென்று நான் மூலையில் போட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ வேண்டுமென்று கேட்டார். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "மயில்சாமி கை கைதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கனகராஜ் வாயைத் திறக்கப் போனான், பிறகு என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

நாலு மணிக்குப் பேக்கரி. சேதி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. எனக்கென்று தனியாக டீ சொன்னார்கள். "கையை மாத்துனதும் நின்னுருச்சு பாத்தீங்களா? அந்த விரலு சொன்னாச் சொன்னதுதான்" என்றார் எதிர்ப் பட்டறையை நடத்தி அவரே பெயிண்டும் அடிக்கும் ஆறுச்சாமி. எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

டீயைக் கீழே வைத்தேன். "கை மாத்துனதுனாலதான் நின்னுது. மாத்துனது தங்கமணி கை இல்ல, என் கை" என்றேன். தைலத்தைச் சொன்னேன். முப்பதும் அவள் தேய்த்தது என்றும் சொன்னேன். அவளைப் பற்றி இங்கே நான் சொன்னது பொய் என்றேன்.

ஆறுச்சாமி சிரித்தார். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு யோசித்தார். எனக்குத் தெரியும், அவர்தான் கேட்பார் என்று.

"இருங்கண்ணா. தைலக் கையோட பட்டையில இழுத்தா வழுக்குமில்ல? இழுத்ததுமே தெரிஞ்சிருக்குமே. உங்க விரலுக்கா தெரியாது?"

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பொள்ளாச்சி டாக்டர் இந்த விரலில் ஊசியால் எட்டு இடத்தில் குத்தினார். எட்டுமுறையும் தெரிகிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். சரோஜினிக்குத் தெரியாது. இந்த டைரியிலும் விசேஷம் என்றுதான் எழுதினேன்.

"தெரியாது. ஒரு வருசமா இந்த விரல்ல எதுவுமே தெரியறதில்ல. கைய வெச்சா வெச்சது தெரியாது, சுட்டாச் சுட்டது தெரியாது. செத்துப்போச்சு" என்றேன்.

ஆறுச்சாமி கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டார். "அப்ப அந்தம்மா தேச்சதுல, இது ஆச்சு, இது பத்தாதுன்னு எதை வெச்சுங்ணா சொன்னீங்க?"

"எதையும் வெச்சுச் சொல்லல" என்றேன்.

அப்படியொரு வெட்கத்தை நான் இதற்குமுன் பட்டதில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆறுச்சாமிதான் போனை எடுத்து, "தங்கமணி நம்பர் சொல்லுங்க" என்றார். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் அங்கேயே நின்று கூப்பிட்டார். "அம்மிணி, திங்கக்கெழமை நம்ம பட்டறைக்கு வாங்க. எப்பிடித் தேய்க்கறதுன்னு எங்காளுங்களுக்கு நீங்கதான் காட்டோணும்" என்றார்.